மேட்டில் நின்ற காரும் பெர்த்தா கேட்ட கியரும்

காரோட்டக் கற்றுக்கொள்ளும் பலருக்கும் மேடு ஏறும் சோதனை என்றாலே உள்ளங்கை வியர்க்கும். கிளட்சைச் சீக்கிரம் விட்டால் என்ஜின் அணைந்துவிடும். தாமதித்தால் கார் பின்னால் உருளும். முதல் கியரில்தான் ஏற வேண்டும் என்று பயிற்றுநர் கண்டிப்பாகச் சொல்லிவிடுவார். ஏன் முதல் கியர் என்று நாம் கேட்பதில்லை. உரிமம் கிடைத்தால் போதும் என்று இருந்துவிடுகிறோம்.

அந்தக் கேள்விக்கு விடை தேடினால், 1888ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஒரு மண் சாலையில் போய் நிற்போம். அங்கே ஒரு மூன்று சக்கர வண்டி மேட்டில் ஏற முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. அதைக் கொண்டுவந்தவர் 39 வயதுத் தாய் ஒருவர். கூட இருந்தவர்கள் அவருடைய இரண்டு மகன்கள். நெடுந்தூரம் காரோட்டிப் பார்த்து, இந்த வண்டிக்கு மலை ஏற இன்னொரு கியர் வேண்டும் என்று திரும்பி வந்து சொன்ன முதல் மனிதர் அவர். பெயர் பெர்த்தா பென்ஸ்.

நான் இயந்திரவியல் பொறியியல் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. எங்கள் வகுப்பில் பெண்கள் குறைவு. கார்களின் வரலாறு பற்றிய ஒரு விரிவுரையில் பெர்த்தாவின் பெயர் அரை நிமிடம் வந்து போனது. தொப்பி ஊசியால் எண்ணெய்க் குழாயின் அடைப்பை எடுத்தார் என்று கேட்டதும் வகுப்பு சிரித்தது, அடுத்த படம் வந்துவிட்டது. பிறகு நான் தேடிப் படித்தேன். தொப்பி ஊசியைவிடப் பெரிய விஷயம் அந்தக் கதையில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

இதுவும் பெண்தான்

பெர்த்தா ரிங்கர் 1849ஆம் ஆண்டு மே 3ஆம் தேதி ஃபோர்ஸ்ஹைம் என்ற ஊரில் பிறந்தார். பிளாக் ஃபாரஸ்ட் எனப்படும் மலைக்காட்டின் வட விளிம்பில் இருக்கும் ஊர் அது. அப்போது ஜெர்மனி ஒரே நாடாக உருவாகியிருக்கவில்லை. ஃபோர்ஸ்ஹைம், பாடன் என்ற தனி அரசுக்குள் இருந்தது. தந்தை தச்சுத் தொழிலிலும் கட்டடத் தொழிலிலும் பொருள் ஈட்டியவர், வசதியான குடும்பம்.

அந்தக் காலத்தில் பிள்ளைகள் பிறந்தால் குடும்ப பைபிளில் எழுதி வைப்பது வழக்கம். பெர்த்தா பிறந்தபோது, துரதிர்ஷ்டவசமாக இதுவும் பெண்தான் என்ற பொருளில் அதில் எழுதப்பட்டதாம். சிறுமியாக இருந்தபோது பெர்த்தா அதைப் படித்துவிட்டார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

பெர்த்தா பெண்கள் பள்ளியில் படித்தார். இயந்திரங்கள் மீதும் அறிவியல் மீதும் அவருக்கு ஆர்வம் இருந்தது. ஆனால் பள்ளிக்கு மேல் போக வழியில்லை. பாடனின் பல்கலைக்கழகங்கள் பெண்களை முறையாகச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது 1900இல்தான். அப்போது பெர்த்தா ஐம்பது வயதைத் தொட்டுவிட்டார். இந்த ஆண்டைப் படித்தபோது நான் சற்று நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழக நுழைவு முடிவைத் திறந்து பார்க்கப் பயந்த இரவு எனக்கு நினைவிருக்கிறது. பெர்த்தாவுக்கு அப்படிப் பயப்படக்கூட வாய்ப்பு இருந்ததில்லை.

சீர்ப்பணம் பட்டறைக்குப் போனது

1869இல் ஓர் உல்லாசப் பயணத்தில் கார்ல் பென்ஸ் என்ற இளம் பொறியாளரை பெர்த்தா சந்தித்தார். கார்லின் தந்தை ரயில் ஓட்டுநர். மகன் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். தாய் சிரமப்பட்டுப் படிக்க வைத்தார். கார்ல் கார்ல்ஸ்ரூவே தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து முடித்தவர். குதிரை இல்லாமல் தானே ஓடும் வண்டி ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற கனவு அவருக்கு இருந்தது. கையில் பணம் இல்லை.

1871இல் கார்ல், கூட்டாளி ஒருவரோடு மான்ஹைம் நகரில் பட்டறை தொடங்கினார். கூட்டு சரிவரவில்லை, தொழில் மூழ்கும் நிலைக்கு வந்தது. பெர்த்தா தன் சீர்ப்பணத்தைத் திருமணத்துக்கு முன்பே தந்தையிடம் கேட்டு வாங்கினார். அந்தப் பணத்தில் கூட்டாளியின் பங்கு வாங்கப்பட்டது. பட்டறை கார்லின் கைக்கு வந்தது.

இதில் கசப்பான ஒரு விஷயமும் உண்டு. திருமணமாகாத பெண் என்ற முறையில் பெர்த்தாவால் தன் பணத்தை முதலீடு செய்ய முடிந்தது. 1872 ஜூலையில் திருமணம் நடந்ததும், அன்றைய சட்டப்படி அந்த உரிமை போய்விட்டது. பணம் அவருடையது, பட்டறையில் உழைப்பும் அவருடையது, பத்திரங்களில் மட்டும் அவர் பெயர் இல்லை. பின்னால் வந்த காப்புரிமையிலும் கணவரின் பெயர் மட்டுமே இருக்கிறது.

அடுத்த ஆண்டுகள் கடினமானவை. கடன் ஏறியது. பிள்ளைகள் பிறந்தார்கள். 1873இல் ஒய்கன், 1874இல் ரிச்சர்ட், பிறகு கிளாரா, தில்டே, எலன் என்று ஐந்து பேர். இதற்கிடையில் கார்ல் இரண்டு வீச்சு என்ஜின் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். அது ஓடவே மறுத்தது. 1879ஆம் ஆண்டின் கடைசி இரவில், சாப்பாடு முடிந்த பிறகு, இன்னொரு முறை முயன்று பார்க்கலாம் என்று பெர்த்தா வற்புறுத்தினார். இருவரும் பட்டறைக்குப் போனார்கள். அன்றிரவு என்ஜின் ஓடியது. இதைப் பின்னாளில் கார்லே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

ஓடியது, விற்கவில்லை

1886ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் தேதி கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். எண் 37435. காரின் பிறந்தநாள் என்று உலகம் இன்று கொண்டாடுவது அந்த நாளைத்தான். அதே ஆண்டு ஜூலையில் மான்ஹைம் தெருவில் வண்டி பொதுமக்கள் முன் ஓடியது.

ஆனால் வாங்க ஆளில்லை. குதிரைகளைப் பயமுறுத்தும் விநோதப் பொருளாகவே மக்கள் அதைப் பார்த்தார்கள். வண்டி நகருக்குள் சிறிது தூரம் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. ஊர் விட்டு ஊர் போக இதை நம்ப முடியுமா என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. கார்ல் எதையும் முழுமையாக்கும் வரை வெளியே காட்டத் தயங்குபவர். திருத்திக்கொண்டே இருந்தார். சோதித்துப் பார்க்காமல் எதை முழுமையாக்குவது என்பது பெர்த்தாவின் எண்ணமாக இருந்திருக்க வேண்டும்.

பாட்டி வீட்டுக்கு 106 கிலோமீட்டர்

1888 ஆகஸ்ட் மாதம் ஒரு விடியற்காலை. கார்ல் உறங்கிக்கொண்டிருந்தார். பெர்த்தாவும் 15 வயது ஒய்கனும் 13 வயது ரிச்சர்டும் வண்டியைச் சத்தமில்லாமல் வெளியே கொண்டுவந்தார்கள். பாட்டியைப் பார்க்க ஃபோர்ஸ்ஹைம் போகிறோம் என்று ஒரு குறிப்பை மட்டும் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். தூரம் சுமார் 106 கிலோமீட்டர். அதுவரை எந்தக் காரும் அவ்வளவு தூரம் போனதில்லை.

வண்டியைப் பற்றி இங்கே கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் என்ஜினின் ஆற்றல் மூன்று குதிரைத்திறனைக்கூட எட்டாது. இன்று நம் சாலைகளில் ஓடும் சிறிய காரில் அறுபதுக்கு மேல் இருக்கும். வேகம் மணிக்கு சுமார் 16 கிலோமீட்டர். எண்ணெய்க்குத் தனித் தொட்டி கிடையாது, கார்புரேட்டரில் 4.5 லிட்டர் மட்டும் நிற்கும். என்ஜினைக் குளிர்விக்கும் நீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருப்பதால் வழியெல்லாம் நீர் ஊற்ற வேண்டும். பிரேக் என்பது மரக்கட்டை.

பெர்த்தா நேர்வழியை விட்டு, ஹைடல்பெர்க் பக்கமாக ரைன் ஆற்றின் சமவெளியை ஒட்டித் தெற்கே போனார். இயன்றவரை மேடுகளைத் தவிர்க்கும் பாதை அது. வீஸ்லோக் என்ற சிற்றூரில் எண்ணெய் தீரும் நிலை. பெட்ரோல் நிலையம் என்ற சொல்லே பிறக்காத காலம். கறை நீக்கப் பயன்படும் லிக்ரோயின் என்ற திரவம் மருந்துக் கடைகளில் சிறு புட்டிகளில் கிடைக்கும். அதில்தான் அந்த என்ஜின் ஓடும். பெர்த்தா மருந்துக் கடையில் இருந்ததை வாங்கி ஊற்றினார். அந்தக் கடை உலகின் முதல் பெட்ரோல் நிலையம் என்று இன்றும் பெருமையோடு காட்டப்படுகிறது.

தொப்பி ஊசி வருவது இந்தப் பயணத்தில்தான். எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டபோது ஊசியால் எடுத்தார். மின்கம்பியின் உறை தேய்ந்தபோது காலுறைப் பட்டியைச் சுற்றினார். சங்கிலி தொந்தரவு கொடுத்தபோது புருக்சால் ஊரில் ஒரு கொல்லரிடம் சரிசெய்தார்கள். இவை எல்லாம் வழியில் தோன்றிய கோளாறுகள். கையில் இருந்ததை வைத்துச் சமாளிக்க முடிந்தது.

ஊசியால் தீராத கோளாறு

சமவெளி முடிந்து கிழக்கே திரும்பியதும் மேடுகள் தொடங்கின. அங்கே வந்த பிரச்சினை வேறு வகை. வண்டியில் எதுவும் உடையவில்லை, எதுவும் அடைக்கவில்லை. என்ஜின் நன்றாகவே ஓடியது. ஆனாலும் செங்குத்தான இடங்களில் வண்டி நகரவில்லை. எடையைக் குறைக்க இறங்கினார்கள். பிறகு தள்ளினார்கள்.

தட்டையான சாலைக்காக அமைக்கப்பட்ட வண்டி அது. என்ஜினின் சுழற்சி வாராலும் சங்கிலியாலும் பின் சக்கரங்களுக்குப் போகும். சமதரையில் அந்த விகிதம் பொருந்தியது. மேட்டுக்குத் தேவையான குறைந்த கியர் அதில் இல்லை. அந்த இல்லாத கியரின் வேலையைத்தான் தள்ளிய கைகள் செய்தன.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். படிவம் நான்கு இயற்பியல் போதும். வண்டியும் மூவரும் சேர்ந்து அரை டன், அதாவது 500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் 1 மீட்டர் உயரும் மேடு. அதில் ஏற்றுவதற்கு மட்டுமே சுமார் 490 நியூட்டன் விசை வேண்டும். மணிக்கு 16 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 4.4 மீட்டர். விசையை வேகத்தால் பெருக்கினால் ஆற்றல் கிடைக்கும். ஏறக்குறைய 2,160 வாட், கிட்டத்தட்ட 3 குதிரைத்திறன். மண் சாலையின் இழுப்பைச் சேர்த்தால் இன்னும் கூடும். அந்த என்ஜினிடம் அவ்வளவு இல்லை.

இப்போது வேகத்தை மட்டும் மணிக்கு 6 கிலோமீட்டராகக் குறைப்போம். அதே மேடு, அதே எடை, அதே 490 நியூட்டன். தேவைப்படும் ஆற்றல் சுமார் 820 வாட். ஒரு குதிரைத்திறனைச் சற்றுத் தாண்டுகிறது. அந்தச் சிறிய என்ஜினிடம் இது இருந்தது. பெரிய என்ஜின் தேவையில்லை. என்ஜின் தன் வழக்கமான வேகத்தில் சுழல, சக்கரம் மட்டும் மெதுவாகவும் வலுவாகவும் சுழல ஓர் ஏற்பாடு இருந்தால் போதும். குறைந்த கியர் செய்வது இதைத்தான். சைக்கிளில் மேடு வந்ததும் கியரைக் குறைத்துக் கால்களை வேகமாக மிதிக்கிறோமே, அதே தத்துவம்.

பெர்த்தா இந்தக் கணக்கைத் தாளில் போட்டாரா என்பது முக்கியமில்லை. எது உடைந்த கோளாறு, எது வடிவமைப்பிலேயே இருக்கும் குறை என்று பிரித்துப் பார்த்தார். பொறியியல் மாணவர்களாகிய எங்களுக்கு ஆய்வறையில் கற்றுத்தர முயலும் பழக்கமும் இதுதான். குழாய் அடைப்பு அன்றைக்கு மட்டும் வந்தது. மேடு, அந்தக் காரை வாங்கும் ஒவ்வொருவருக்கும் வரும்.

இறக்கம் கேட்ட தோல்

ஏறினால் இறங்க வேண்டும். இறக்கத்தில் மரக்கட்டைப் பிரேக் தேய்ந்து பிடிமானம் இழந்தது. பவுஷ்லொட் என்ற கிராமத்தில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் சொல்லி அந்தக் கட்டைகள் மீது தோலை வைத்து அடிக்கச் செய்தார் பெர்த்தா. இன்று எல்லாக் கார்களிலும் இருக்கும் பிரேக் லைனிங்கின் தொடக்கமாக இதைச் சொல்கிறார்கள்.

இருட்டும் நேரத்தில் ஃபோர்ஸ்ஹைம் வந்து சேர்ந்தார்கள். கார்லுக்குத் தந்தி போனது. சில நாள் கழித்து வேறு வழியாக அதே வண்டியில் மான்ஹைம் திரும்பினார்கள்.

திரும்பிய பிறகு பெர்த்தா வழியில் நடந்தவற்றைக் கணவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். மலை ஏற இன்னொரு கியர், பிரேக்குக்குத் தோல் உறை ஆகியவை அவர் கேட்ட முக்கியமான திருத்தங்கள். கார்ல் அவற்றை ஏற்றுக்கொண்டு வண்டியைத் திருத்தினார். அதே 1888இல் மியூனிக் நகரில் நடந்த இயந்திரக் கண்காட்சியில் பென்ஸ் வண்டிக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1894இல் வெளிவந்த வெலோ என்ற சிறிய கார் நன்றாக விற்றது. 1899ஆம் ஆண்டில் பென்ஸ் நிறுவனம் 572 வண்டிகளைத் தயாரித்து, உலகின் மிகப் பெரிய கார் உற்பத்தியாளராக நின்றது.

அதே மேடு, நம் ஊரில்

பெர்த்தா கேட்ட கியர் இன்று பெரும்பாலான கார்களில் இருக்கிறது. நாம் அதைச் சரியாகப் பயன்படுத்துகிறோமா என்பது வேறு கேள்வி. பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்கும் கெந்திங் மலைக்கும் ஏறும் கார்களைப் பார்த்தாலே தெரியும்.

எண்ணெய்க் கணக்கு ஒன்றையும் பார்ப்போம். தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆட்களோடும் பைகளோடும் ஒரு டன் எடையுள்ள காரை 1,400 மீட்டர் உயர்த்த சுமார் 14 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் இருக்கிறது. ஆனால் என்ஜின் அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் வேலையாக மாற்றும். மீதி வெப்பமாகப் போகும். ஆக, உயரத்துக்கு மட்டுமே ஒன்றரை லிட்டர் அளவுக்குச் செலவாகும். இந்த 14 மெகாஜூலை எந்த ஓட்டுநராலும் குறைக்க முடியாது. காரில் ஏற்றும் சுமையைத்தான் குறைக்கலாம். ஆனால் என்ஜின் கால் பங்கைத் தருமா, மூன்றில் ஒரு பங்கைத் தருமா என்பதில் கியருக்கும் பங்கு உண்டு.

குறைந்த கியரில் போனால் எண்ணெய் அதிகம் குடிக்கும் என்று பலர் நினைத்து, நான்காம் கியரிலேயே மேட்டில் விடாப்பிடியாக ஏற்றுவார்கள். என்ஜின் மெதுவாகச் சுழன்று முக்கும், கார் அதிரும், மிதியை அடிவரை அழுத்த வேண்டியிருக்கும். அப்படி முழுமிதி கொடுக்கும்போது பல என்ஜின்கள் தம்மைக் காத்துக்கொள்ள வழக்கத்தைவிட அதிக எண்ணெயை உள்ளே விடும். வேகமும் விழுந்துவிடும். பிறகு அவசரமாக இரண்டாம் கியருக்கு இறங்கி, இழந்த வேகத்தை மறுபடி பிடிக்க இன்னொரு முறை எண்ணெய் செலவழியும். சேமிக்க நினைத்தது இரட்டைச் செலவாகிவிடும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. மூன்றாம் கியர் போதுமான மேட்டில் இரண்டிலேயே அலறவிட்டால், ஒவ்வொரு மீட்டருக்கும் என்ஜின் கூடுதல் முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சிக்கும் உராய்வு இழப்பு இருக்கிறது. அதுவும் வீண்.

அப்பாவின் மேனுவல் காரில் தாப்பாவிலிருந்து ரிங்லெட் வரை நான் ஓட்டியபோது, மீட்டரைப் பார்க்காமல் என்ஜினின் சத்தத்தைக் கேட்கச் சொன்னார் அப்பா. அவர் பொறியியல் படித்தவர் இல்லை. பல ஆண்டுகள் லோரி ஓட்டியவர். அவர் வைத்திருந்த விதியை என் பாடப்புத்தக மொழியில் இப்படிச் சொல்லலாம். என்ஜின் முக்காமல் இழுக்க வேண்டும். மிதியை இன்னும் கொஞ்சம் அழுத்தினால் கார் இன்னும் கொஞ்சம் வேகம் எடுக்க வேண்டும். இந்த இரண்டும் பொருந்தும் கியர்களில் எது மிக உயர்ந்ததோ அதுதான் அந்த மேட்டுக்குச் சரியான கியர். கியரை மேட்டின் நடுவில் மாற்றாமல், மேடு தொடங்கும் முன்பே மாற்றிவிட வேண்டும். வளைவுக்கு முன்பும் அப்படியே.

ஆட்டோ கியர் கார் ஓட்டுபவர்களுக்கு இந்த வேலையைக் கார் பார்த்துக்கொள்ளும். ஆனாலும் மிதியை அழுத்துவதும் விடுவதுமாக இருந்தால் கியர் மேலும் கீழும் தாவிக்கொண்டே இருக்கும். சீராக மிதித்தால் அது ஒரே நிலையில் நின்று இழுக்கும்.

இறங்கும்போது, எண்ணெய் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது ஆபத்தான பழக்கம். இன்றைய கார்களில் கியரில் இருந்தபடி மிதியிலிருந்து காலை எடுத்து இறங்கினால், பெரும்பாலும் என்ஜினுக்குப் போகும் எண்ணெய் தானாகவே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டாலோ என்ஜின் அணையாமல் இருக்க எண்ணெய் போய்க்கொண்டே இருக்கும். வேகத்தைக் கட்டுப்படுத்த பிரேக் மட்டுமே மிஞ்சும். நீண்ட இறக்கத்தில் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். பவுஷ்லொட்டில் தோல் அடிக்க வேண்டி வந்ததும் அதே இறக்கத்தால்தான். குறைந்த கியரில் இறங்கினால் என்ஜினே காரைப் பிடித்துக்கொள்ளும்.

பிந்தி வந்த மரியாதை

பெர்த்தாவின் பிற்கால வாழ்க்கை லாடன்பர்க் என்ற சிறு நகரில் கழிந்தது. நிறுவனத்தின் அன்றாட நிர்வாகத்திலிருந்து கார்ல் 1903இல் விலகினார். 1906இல் குடும்பம் லாடன்பர்க்கில் தனியாக ஒரு தொழிற்சாலை தொடங்கியது. பழைய பென்ஸ் நிறுவனம் 1926இல் டைம்லருடன் இணைந்தது. கார்ல் 1929இல் காலமானார். பெர்த்தா அதன்பின் 15 ஆண்டுகள் வாழ்ந்தார்.

1944ஆம் ஆண்டு மே 3ஆம் தேதி, பெர்த்தாவின் 95ஆம் பிறந்தநாளன்று, கார்ல் படித்த அதே கார்ல்ஸ்ரூவே தொழில்நுட்பக் கல்விக்கூடம் அவருக்குக் கௌரவ செனட்டர் பட்டம் அளித்தது. இளமையில் அவரால் நுழைய முடியாத இடம் அது. இரண்டு நாள் கழித்து, மே 5ஆம் தேதி, பெர்த்தா கண்மூடினார்.

அவர் போன பாதை 2008இல் நினைவுப் பாதையாக அறிவிக்கப்பட்டது. போகவும் வரவும் சேர்த்து 194 கிலோமீட்டர். யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம். அமெரிக்காவில் உள்ள வாகனத் துறைப் புகழ் மண்டபம் கார்ல் பென்ஸை 1984இல் சேர்த்துக்கொண்டது. பெர்த்தா அங்கே இடம்பெற்றது 2016இல். இடையில் 32 ஆண்டுகள்.

அந்த 32 ஆண்டுகளுக்குக் காரணம் என்ன என்று யோசிக்கிறேன். பெர்த்தாவின் கதையை நாம் சொல்லும் விதமும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. தொப்பி ஊசியும் காலுறைப் பட்டியும் சுவையான விவரங்கள். கேட்டவுடன் மனத்தில் நிற்கும். ஆனால் அவற்றோடு நிறுத்தினால், சமயோசிதமான ஓர் இல்லத்தரசி கணவரின் வண்டியைக் கொண்டுபோய்த் திரும்பிய கதையாக அது சுருங்கிவிடுகிறது. முதலீடு செய்தவர், முதல் நெடுந்தூரச் சோதனை ஓட்டத்தை நடத்தியவர், வடிவமைப்பின் குறையைக் கண்டு திருத்தச் சொன்னவர் என்ற பெர்த்தா காணாமல் போகிறார்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் தங்கைகளில் சிலருக்குப் பொறியியல் படிக்க ஆசை இருக்கும். பெண்பிள்ளைக்கு எதற்கு இந்தப் படிப்பு என்று கேட்கும் உறவினர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். என் வீட்டு விருந்தொன்றிலும் அந்தக் கேள்வி வந்தது. அப்போது என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. இப்போது யாராவது கேட்டால், அவர்கள் ஓட்டி வந்த காரின் கியர்க் கம்பைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுவேன்.

தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. பள்ளியில் ஒரு செயல்திட்டம் செய்கிறீர்கள், அது பாதி வழியில் நின்றுவிடுகிறது என்று வையுங்கள். சமாளித்து ஓடவைத்துப் புள்ளிகளை வாங்கிவிடலாம். அதோடு நிறுத்தாமல், எந்த மேட்டில் நின்றது, ஏன் நின்றது என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள். மான்ஹைம் திரும்பியதும் பெர்த்தா செய்தது அந்த வேலைதான். காருக்கு மலை ஏறும் கியர் கிடைத்ததும் அப்படித்தான்.